பதினொரு மீனவர்களும் ஒரு நீல உறையும்

தினேஸ்வரி பதினொரு மீனவர்களைச் சாகவிட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஈப்போவில், ஏர்கோன் போட்ட ஒரு வகுப்பறைக்குள். செத்தவர்கள் காகிதத்தில் மட்டுமே இருந்தவர்கள். அவர்களுக்கு அம்மா அப்பா கிடையாது. அவர்கள் போன படகுக்குப் பெயர் வைத்தவரே பாடம் எடுத்த டாக்டர் கவிநயாதான். இருந்தும் அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தினேஸ்வரி அந்தப் பதினொரு பேரையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் யார் என்று முதலில் சொல்லிவிடலாம். வயது நாற்பத்தொன்று. பத்து காஜா என்ற ஊரில் அவசர அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறையில் பதினான்கு வருஷமாக வேலை. மணி அடித்தால் எடுப்பாள். எங்கே, என்ன, எத்தனை பேர் என்று கேட்பாள். ஆம்புலன்சா, தீயணைப்பு வண்டியா என்று பார்த்து அனுப்பிவிடுவாள். அழுகிறவர்களையும் கத்துகிறவர்களையும் ஒரே குரலில் கையாளுவாள். அறையில் எல்லாரும் அவளை 'ஐஸ் பெட்டி' என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

பிறந்தது பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா அப்பாவு பால்வெட்டுக்காரர், அம்மா களையெடுக்கப் போவார். அவளுக்குப் பதினைந்து வயது ஆனபோது தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். அவள் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்தாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள், அதற்கிடையில் தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டமும் வாங்கினாள். அதோடு விட்டிருந்தால் சொந்தக்காரர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். விடவில்லை. முதுகலைக்குச் சேர்ந்தாள்.

அந்தப் படிப்பின் பெயரைச் சொன்னதும் ஒவ்வொருவர் முகமும் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். தேசியப் பாதுகாப்பும் வெளியுறவுக் கொள்கையில் முடிவெடுத்தலும். நாத்தனார் மங்களம் கையில் எடுத்த முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டாள்.

"அத படிச்சு என்னா செய்யப்போற? நாளைக்கு எவனாச்சும் சண்டைக்கு வந்தா ஒனக்குப் போன் போட்டுக் கேப்பாங்களா?"

"போட்டா எடுப்பேன்லா அக்கா. அதான என் வேலையே" என்றாள் தினேஸ்வரி.

உண்மைக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெருமழையில் ஆற்றுத் தண்ணீர் ஏறியது. மூன்று மணி நேரத்தில் எண்பது அழைப்புகளை அவள் எடுத்தாள். யார் வீட்டில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று மேலே அனுப்பிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தது: இந்தப் பாலத்தை மூடு, அந்தப் பள்ளியைத் திற. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானவர்களின் அந்த நாள் அந்த ஒரு வரியில் திரும்பியது. அந்த முடிவை எடுத்தது யார்? எந்த அறையில் உட்கார்ந்து? அந்த அறையில் என்ன பேசுவார்கள்? ஒரு கிராமத்துப் பாலத்துக்கே இப்படியென்றால், ஒரு நாட்டையே சண்டைக்கு அனுப்புகிற அறை எப்படி இருக்கும்? இந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. அந்த அறையை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் சேர்ந்தாள்.

டாக்டர் கவிநயாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஈப்போவில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் செட்டியார் வீட்டுப் பெண். கடைக்கு வராமல் இப்படி ஒரு படிப்புக்குப் போனதில் அவர் வீட்டிலும் முறுக்கைத் தட்டில் வைத்தவர்கள் உண்டாம். தினேஸ்வரியை அவர் கூப்பிடுவது வகுப்பில் மரியாதையாக 'புவான் தினேஸ்வரி', வெளியே காப்பி குடிக்கும்போது 'அக்கா'. இந்த எல்லையை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை.

முதல் வகுப்பில் அவர் மலாக்கா நீரிணையின் வரைபடத்தை மேசை முழுக்க விரித்தார். அதில் ஒரே நாளில் போன கப்பல்களைச் சிவப்புக் கோடுகளாகப் போட்டிருந்தார்கள். தண்ணீரே தெரியவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கால் நனைத்துவிட்டு வருகிற கடல் இது. இதற்குள் இத்தனை நாடுகளின் எண்ணெயும் அரிசியும் பயமும் போய்க்கொண்டிருக்கின்றன என்பதைப் பார்த்து அவள் வரைபடத்தின் மேல் குனிந்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த பாடங்கள் இன்னும் அதிசயம். உலகத்தையே புரட்டிப்போட்ட முடிவுகளை எடுத்தவர்கள் அன்று பல்வலியோடு வந்திருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரோடு கோபமாக இருந்தார். இன்னொருவருக்குப் பசி. வானத்திலிருந்து இறங்கியவர்கள் யாரும் அந்த அறைகளில் இல்லை. மனுஷர்கள்தான் இருந்தார்கள். தெரிந்தது பாதி, தெரியாதது பாதி, கடிகாரம் ஓடுகிறது, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகம் இப்படித்தான் நடக்கிறதா என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பயமும் வியப்பும் ஒன்றாக ஏறின.

ஷிப்ட் வேலை, பிள்ளைகளின் பரீட்சை, அப்பாவின் கடைசி வருஷம் என்று படிப்பு இழுத்துக்கொண்டே போனது. ஐந்து வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஐந்தாவது வருஷத்தின் கடைசி மாதத்தில் மீதி நின்றது ஒரே ஒரு தாள். அதுவும் எழுதுகிற தாள் இல்லை. இரண்டு நாள் பயிற்சி. தவறினால் மறுபடி செய்ய நாள் இல்லை, ஐந்து வருஷமும் போச்சு.

பயிற்சி இதுதான். பத்து மாணவர்கள், ஒரு நீள மேசை, ஒரு கற்பனை நெருக்கடி. பாதுகாப்பு மன்றமாக உட்கார வேண்டும். யார் பிரதமர், யார் கடற்படை, யார் வெளியுறவு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒட்டிய நீல உறை ஒன்று உண்டு. அவரவர் பதவிக்கு மட்டும் தெரிந்த சேதி அதற்குள் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் மன்றம் ஒரு முடிவை எழுதிக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை பிரதமர் சீட்டு கர்னல் அஸ்மானுக்கு விழுந்தது. முப்பது வருஷம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையைச் செருமினாலே மற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தினேஸ்வரிக்குத் தகவல் செயலாளர் சீட்டு. மேசையின் கடைசி நாற்காலி.

ஆயர் தாவாருக்கு அப்பால் உள்ள கரையிலிருந்து போன ஒரு படகு, பதினொரு மீனவர்கள், எல்லைக் கோட்டுக்கு அருகே பக்கத்து நாட்டு ரோந்துக் கப்பலிடம் சிக்கியிருக்கிறார்கள். இதுதான் நெருக்கடி. தினேஸ்வரி தன் உறையைப் பிரித்துப் படித்தாள். படகின் இன்ஜின் காலையிலேயே நின்றுவிட்டது. நீரோட்டம் அதை இழுத்துப் போயிருக்கிறது. மீனவர் ஒருவர் தன் மனைவிக்குப் போன் செய்து, ரோந்துக் கப்பல் கயிறு கட்டி நம் பக்கமாக இழுத்துவருகிறது என்று சொல்லியிருக்கிறார்.

சிறைப்பிடிக்கவில்லை. காப்பாற்றுகிறார்கள். அந்த மேசையில் இது தெரிந்த ஒரே ஆள் அவள்.

கர்னல் கடற்படையைக் கேட்டார். போலீசைக் கேட்டார். ராணுவ அமைச்சராக இருந்த அருண்பிரகாஷ், வங்கியில் வேலை செய்யும் துடிப்பான பையன், கேட்காமலே நான்கு தடவை பேசினான். தினேஸ்வரி தாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இதோ இப்போது கூப்பிடுவார் என்று மூன்று தடவை கர்னலின் முகத்தைப் பார்த்தாள். அவர் கூப்பிடவில்லை. போர்க்கப்பல் ஒன்றை அனுப்புவது, எச்சரிக்கைக்குச் சுடுவது என்று முடிவாயிற்று.

கவிநயா முடிவை வாங்கிப் படித்தார். பிறகு நடந்ததைச் சாதாரணக் குரலில் சொன்னார். "குண்டுச் சத்தம் கேட்டதும் ரோந்துக் கப்பல் கயித்த வெட்டிட்டுத் திரும்பிடுச்சு. அலையில படகு கவிழ்ந்துடுச்சு. பதினொரு பேரும் போயிட்டாங்க."

வகுப்பு நடப்பது ஆங்கிலத்திலும் மலாயிலும். இங்கே எல்லாம் நமக்காகத் தமிழில்.

அடுத்து நீல உறைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சத்தமாகப் படித்தார். கடைசி உறை தினேஸ்வரியுடையது.

"புவான் தினேஸ்வரி, இத ஏன் சொல்லல?"

அவள் எழுந்து நின்றாள். "என்னைக் கூப்பிடல டாக்டர்."

யாரோ சிரித்தார்கள். கவிநயா சிரிக்கவில்லை. "பெரிய பெரிய விபத்துகளோட விசாரணை அறிக்கைகள்ல இதே பதில நான் படிச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லி, அவள் பெயருக்கு எதிரே எதையோ எழுதினார். முதல் நாளில் அவள் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் இனி எல்லாம்.

கணவன் தர்மா காரோடு வாசலில் நின்றான். லாரிக் கம்பெனியில் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான்.

"என்னாச்சு?"

"பதினொரு பேரச் சாகவுட்டுட்டேன்."

"சரி, ஏறு" என்றான் தர்மா.

வழியில் அவளே விஷயத்தைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் நிறுத்திக்கொண்டாள். கூப்பிடாமல் பேசக் கூடாது என்பதை அவள் எங்கே கற்றாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். வேலைக்காரர்கள் எல்லாரும் ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி புத்தகத்தை வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "இருக்கேன்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினவரை அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் முன் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போகும் தினேஸ்வரி, அந்த வரிசையை எத்தனையோ நாள் ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள். அத்தனை பேர் நிற்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதி இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம், ஆள் ஏற்றும் லாரியின் சக்கரத்துக்கு அடியில் பிரேக் எண்ணெய் சொட்டுவதை அப்பா பார்த்தார். மறுநாள் காலை பெரட்டில் கிராணிக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார். பெயரைக் கூப்பிட்டார்கள். "இருக்கேன்" என்றார். அன்றே அந்த லாரி மேட்டிலிருந்து இறங்கும்போது நிற்காமல் ஓடி ஓடையில் விழுந்தது. மூன்று பேர் செத்தார்கள். பக்கத்து வீட்டு ராமையா மாமாவுக்கு ஒரு கால் போயிற்று. அப்பா வேறு மரநிரையில் வேலை என்று நடந்து போயிருந்தார். இதை அவர் மகளிடம் சொன்னது ஒரே ஒரு தடவைதான், பத்து காஜா ஆஸ்பத்திரிக் கட்டிலில், சாவதற்கு ஒரு வாரம் முன்னால்.

இதையும் அவள் சொல்லக் கேட்ட தர்மா, சிக்னலில் கார் நின்றபோது அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் குலுக்கினார்கள். தினேஸ்வரி தன் சீட்டைப் பிரித்தாள். பிரதமர்.

அருண்பிரகாஷ் வாய்விட்டே "அல்லாமாக், ஐயையோ" என்றான். அவளுக்கும் அதேதான் தோன்றியது. நேற்று கர்னல் உட்கார்ந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கடைசி நாற்காலியில் இருப்பவர் முகம் சரியாகத் தெரியவில்லை என்பதைக் கவனித்தாள். இன்று அந்தக் கடைசி நாற்காலியில் இருந்தவர் கர்னல் அஸ்மான். துறைமுக அதிகாரி.

நெருக்கடி வந்தது. இருபத்திரண்டு மாலுமிகளோடு ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் நீரிணைக்குள் வருகிறது. வானொலியில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் இல்லை. வெடிபொருள் இருப்பதாக ஒரு தகவல். அது துறைமுகத்தை நெருங்க ஒரு மணி நேரம் இருக்கிறது. வலுவந்தமாக ஏறி நிறுத்துங்கள் என்று பக்கத்து நாடு நெருக்குகிறது.

இந்தத் தடவையும் ராணுவம் அருண்பிரகாஷுக்கே விழுந்திருந்தது. அவன் கையை உயர்த்தினான். "மேடம், கமாண்டோ இப்பவே கெளம்பினாத்தான்..."

"இரு தம்பி" என்றாள். நாட்டின் பிரதமர் ராணுவ அமைச்சரைத் தம்பி என்றதில் இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். "என்னா செய்யலாம்னு யாரும் இப்ப சொல்லாதீங்க. நான் பேரு கூப்பிடுவேன். கூப்பிட்டவங்க கையில என்னா இருக்கோ அத மட்டும் சொல்லுங்க. எல்லாரும் சொல்லி முடியிற வரைக்கும் முடிவு கிடையாது."

பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். பதவியைச் சொல்லவில்லை, பெயரைச் சொன்னாள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிஷம் போனது. அருண்பிரகாஷ் நகத்தைக் கடித்தான். கடைசியாக, "கர்னல் அஸ்மான்" என்றாள்.

"என்கிட்ட முக்கியமா ஒன்னுமில்ல, மேடம்."

பதினான்கு வருஷமாக இந்த வார்த்தையை அவள் போனில் கேட்டு வந்திருக்கிறாள். மார்பில் லேசான வலி, முக்கியமாக ஒன்றுமில்லை என்பார்கள். "முக்கியமா இல்லையாங்கறத அப்புறம் பாத்துக்கலாம் கர்னல். கையில என்னா இருக்கு?"

அவர் தாளைப் பார்த்துப் படித்தார். இரண்டு நாள் முன்பு, முந்தைய துறைமுகத்தில், அந்தக் கப்பல் காய்ச்சல் மருந்து பெட்டி பெட்டியாகக் கேட்டிருக்கிறது. ஒரு டாக்டரையும் கேட்டிருக்கிறது. டாக்டர் வருவதற்குள் கிளம்பிவிட்டது.

பதில் சொல்லாத கப்பலா, பதில் சொல்ல ஆளில்லாத கப்பலா?

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச வாயெடுத்தார்கள். தினேஸ்வரி கையைக் காட்டினாள். "இன்னும் ஒரு பேரு பாக்கி இருக்கு." எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் பெயரைத் தானே கூப்பிட்டாள். "தினேஸ்வரி அப்பாவு." தன் உறையில் இருந்ததைப் படித்துவிட்டு, மேலும் ஒரு பதில் சொன்னாள். "என் கையில பயம் இருக்கு. நேத்து பதினொரு பேரு போனது இன்னும் மனசவுட்டுப் போகல. அதனால நான் போர்க்கப்பல அனுப்பக் கூடாதுன்னுதான் பாப்பேன். அது ஒரு காரணமே இல்ல. நான் அந்தப் பக்கம் சாஞ்சா யாராச்சும் சொல்லுங்க."

சுவரோரம் நின்றிருந்த கவிநயா கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

பிறகு விவாதித்தார்கள். அவள் சாய்ந்தபோது அருண்பிரகாஷே சொன்னான், அவளும் திருத்திக்கொண்டாள். வெடிபொருளும் இருக்கலாம், நோயும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. தெரியாமலே ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிமிஷங்களில்தான் தினேஸ்வரிக்கு, தான் இத்தனை வருஷமாக எட்டிப் பார்க்க ஆசைப்பட்ட அறைக்குள் உண்மையிலேயே வந்துவிட்டோம் என்று தெரிந்தது. காகிதக் கப்பல்தான், காகித மாலுமிகள்தான். ஆனால் அந்தக் கனம் பொய்யில்லை. எங்கேயோ, இந்த நேரத்திலேகூட, யாரோ ஒருவர் இப்படி உட்கார்ந்திருப்பார், அவர் வாயிலிருந்து வரும் ஒரு வரிக்காக முகம் தெரியாத மனுஷர்கள் காத்திருப்பார்கள். அவள் பேனாவை எடுத்தாள்.

மருத்துவப் படகு முன்னால் போகட்டும். கடற்படை ஒரு மைல் பின்னால் நிற்கட்டும். அவள் சொல்லாமல் யாரும் சுடக் கூடாது. நமக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பக்கத்து நாட்டுக்கு அப்படியே சொல்லிவிட வேண்டும். துறைமுகத்தில் ஆட்களைக் காலி செய்ய வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஐம்பத்தெட்டு நிமிஷம்.

கவிநயா வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"சரியா, டாக்டர்?"

"தெரியாது. இந்தக் கப்பல்ல என்ன இருக்குன்னு நான் எழுதவே இல்ல" என்றார் கவிநயா. "நெஜத்துலயும் போய்ப் பாக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது. மன்றத்துல இருக்கற எல்லாமும் மேசைக்கு வந்துச்சா, அத மட்டுந்தான் நான் பாக்கறேன். பத்து உறை கொடுத்தேன். இன்னிக்குத்தான் பத்தும் வந்துச்சு." பிறகு வகுப்பில் ஒருநாளும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார். "தேறிட்டீங்க அக்கா."

வெளியே வரும்போது கர்னல் அஸ்மான் படியில் காத்திருந்தார். "முப்பது வருஷம் ராணுவத்துல இருந்தேன், புவான்" என்றார். "நேத்து உங்க பக்கம் ஒரே ஒரு தடவ திரும்பிக் கேட்டிருக்கணும். தப்பு என்னோடது." அந்தக் கனமான குரலில் இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "பேசியிருக்க வேண்டியது நானும்தான், கர்னல்" என்றாள்.

தர்மா காரில், கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டான்.

"பாஸா?"

"பாஸ்."

"அப்ப ஏன் அழுவுற?"

அப்போதுதான் தான் அழுவது அவளுக்கே தெரிந்தது. அப்பா செத்த அன்றைக்கும், 'ஐஸ் பெட்டி' என்ற பெயருக்குப் பொருத்தமாக, எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லி, வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தவள் அவள். இப்போது ஈப்போவின் நடுவே, பட்டப்பகலில், மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"எங்கப்பா அந்தக் கிராணிக்கு எதுக்கத்தான நின்னாரு" என்றாள். "பேரக் கூப்பிட்டாரு. இருக்கேன்னாரு. அதுக்கப்புறம் ஒரே ஒரு வார்த்த, என்னா அப்பாவு, ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டிருந்தா... சொல்லியிருப்பாருங்க. நெசமா சொல்லியிருப்பாரு."